சுண்டெலியும் ஸ்டெல்லாவின் வலது காலும்

முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் நின்றுவிட்டால், அது தானாக நின்றதா, ஓட்டியவர் நிறுத்தினாரா என்பதை எப்படித் தீர்மானிப்பது? பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சத்தம் அறும், சக்கரம் தொப்பென்று தரையில் விழும், கூட்டம் ஒரே குரலில் ‘ஐயோ’ என்னும். எஞ்சினுக்கு வாயில்லை. ஓட்டியவருக்கு வாயுண்டு, ஆனால் அந்த நேரத்தில் அவர் சொல்வதை எவரும் நம்புவதில்லை.

இக்கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு ஒரு காலத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் பொறியாளர்கள், கணினியின் சொற்படி பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளோடு வளர்ந்தவர்கள். கார்புரேட்டர் வைத்த கடைசி வண்டி ஒன்று அவர்கள் கையில் மாட்டியிருக்கிறது. அதை எப்படிப் பராமரித்தேன் என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். திருகாணி, அளவு, இடைவெளி என்று ஒரு குறிப்பை எதிர்பார்த்திருப்பார்கள். அவையும் இதில் உண்டு. ஆனால் அந்த வண்டியைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஸ்டெல்லாவைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது.

என் வேலையை முதலில் விளக்கிவிடுகிறேன். எந்திரவியலில் பட்டம் பெற்று, எண்ணூரில் ஒரு வார்ப்பட ஆலையிலும் பிறகு லாரிப் பணிமனை ஒன்றிலும் பல ஆண்டுகள் கழித்தபின், திருவொற்றியூரில் இருசக்கர வாகனங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றின் சாகசக் குழுவுக்குத் தொழில்நுட்பப் பொறுப்பாளனாகச் சேர்ந்தேன். குழுவின் பணி சாலைப் பாதுகாப்புப் பிரசாரம். கல்லூரிகளுக்கும் ஆலைகளுக்கும் போவோம். முன்சக்கரத்தைத் தூக்கி, நின்றபடி ஓட்டி, சுற்றிச் சுழன்று காட்டுவோம். கடைசியில் ஒலிபெருக்கியில், “இதையெல்லாம் சாலையில் செய்யாதீர்கள்” என்று சொல்லிவிட்டு வருவோம். வயிறு புடைக்க விருந்து போட்டுவிட்டு, கை கழுவும் இடத்தில் உண்ணாநோன்பின் மேன்மையைப் பேசுவதற்கு ஒப்பானது இது.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்தவன். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கைதட்டல் எப்போது விழுகிறது என்று கவனிப்பேன். முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீலிங்குக்கு விழும். அறிவுரைக்கு ஒருநாளும் விழுந்ததில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். பின்னர் வேறொன்றைக் கண்டேன். தலைக்கவசம், கையுறை, முட்டிக்காப்பு, முதுகுக்காப்பு என்று எங்கள் ஓட்டுநர் ஸ்டெல்லா ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு முடிப்பதற்குள் கூட்டத்துக்குப் பொறுமை போய்விடும். ‘இதற்கு இவ்வளவு இருக்கிறதா’ என்ற சலிப்பு முகங்களில் தெரியும். அந்தச் சலிப்புதான் எங்கள் உண்மையான பிரசாரம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒருமுறை கொருக்குப்பேட்டையிலிருந்து நான்கைந்து வாலிபர்கள் வாசலில் வந்து நின்று, “இன்னா ஆயில் சார் ஊத்துறீங்க? எங்க வண்டி தூக்குனாலே சீஸ் ஆவுது” என்று தொழில் ரகசியம் கேட்டார்கள். இந்தக் கவசங்கள் அத்தனையையும் மாட்டிக்கொண்டு மே மாத உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் சொல்லித் தருகிறேன் என்றேன். மறுபடி வரவில்லை.

அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். சாதாரண வண்டியின் எஞ்சின், இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. அடித்தட்டில் கிடக்கும் எண்ணெயை உறிஞ்சும் வாய் எங்கள் வண்டியில் முன்பக்கமாக இருந்தது. வண்டி பின்சக்கரத்தில் எழுந்து நின்றால் எண்ணெய் பின்னால் ஓடிவிடும். வாய் வெறுங்காற்றைக் குடிக்கும். முதல் ஆண்டிலேயே இப்படி ஓர் எஞ்சின் இறுகிப்போய்ச் செத்தது. தட்டுக்குள் ஒரு தடுப்புத் தகட்டை வைத்து, எண்ணெயையும் சற்றுக் கூடுதலாக ஊற்றிய பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்தது கார்புரேட்டர். அதன் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலும் எண்ணெயைப் போலவே பின்னால் சாயும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் உயரத்தை மயிரிழை மயிரிழையாக மாற்றி, சாய்ந்தாலும் பெட்ரோல் எட்டும்படி செய்தோம். மூன்றாவது, ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுழலும் வேகத்தை, தூக்கி வைத்தோம். ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டாலும் எஞ்சின் அணையாது. இம்மூன்றும் செய்தபின் எங்கள் வண்டிகளின்மேல் எனக்கு ஒருவகைக் கர்வமே வந்துவிட்டது.

அவற்றில் மிகச் சிறியது, இப்போது அந்த இளம் பொறியாளர்கள் கையில் மாட்டியிருக்கும் சுண்டெலி. பழைய, எடை குறைந்த வண்டி. பெரிய வண்டிகள் உறுமும்போது இது கீச்சிடும். பெயர் வைத்தவன் டில்லிபாபு. குழுவின் மெக்கானிக், கொருக்குப்பேட்டைக்காரன், வாய் ஓய்ந்தால் கை ஓயும் ரகம். குட்டி யானை என்று ஊரெல்லாம் அழைக்கும் சின்னச் சரக்கு வண்டியில்தான் சுண்டெலியை ஏற்றிப் போவோம். “பாத்தியா சார், உலகத்துல எலி மேல யான போவும். நம்ம ஊர்லதான் யான மேல எலி போவுது” என்பான்.

சுண்டெலியை ஓட்டியவர் ஸ்டெல்லா. ராயபுரத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர். மீன்பிடித் துறைமுகத்துக்கு மொபெட்டில் ஐஸ் பெட்டி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் பாரமில்லாத மொபெட்டில் பின்னால் மலைபோல் ஐஸ் வைத்தால், மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தானே எழும்பும். “நானா தூக்கல சார், ஐஸு தூக்குச்சு. நான் அப்டியே ஓட்டிகினு பூட்டேன்” என்று நேர்காணலில் சொல்லித்தான் வேலை வாங்கினார். ஒப்பந்தப் பணி. அந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி முடிந்ததும் நிரந்தரம் செய்வதாக மேலாளர் வாக்களித்திருந்தார்.

மேலாளர் சற்குணம். தூத்துக்குடிப் பக்கத்து வணிகக் குடும்பம். இளமையில் பந்தயங்களில் ஓட்டியவர். நான் பார்த்த காலத்தில் வயிறு அவருக்கு முன்னே நடக்கும். நேர்மையானவர், எவருக்கும் நேரத்தில் சம்பளம் தருபவர், கோபத்தில்கூட குரலை உயர்த்தாதவர். அவரிடம் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, எந்தத் தவற்றையும் தாம் செய்ததாக ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் மறுநாள் காலை அணிவகுப்பில் அதை மாற்றி ஒரு புதிய விதியை அறிவிப்பார். மழையில் தவறான சாலையில் எங்களை அழைத்துப்போனால், அடுத்த நாள், “இனிமே மழ நாள்ல வழி கேட்டுட்டுத்தான் போகணும்” என்பார், யாரோ கேட்காமல் போனதுபோல. இன்னொன்று, பக்தி. நிகழ்ச்சிக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அளவாகப் பெட்ரோல் ஊற்றி, ஊதுபத்தி காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனப் பொட்டு வைப்பார். சுண்டெலி பிள்ளையாரின் வாகனம் ஆதலால் முதல் பொட்டும் பெரிய பொட்டும் அதற்கே. பொட்டு வைத்தபின் நிகழ்ச்சி தொடங்கும்வரை டேங்க்கைத் திறக்கக் கூடாது. பூஜை நடக்கும்போது நான் கொள்கை காரணமாக எதிரிலுள்ள கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

தொல்லை, சுண்டெலி கலந்துகொண்ட முதல் நிகழ்ச்சியிலேயே, ராயபுரத்துக் கல்லூரி ஒன்றில் தொடங்கியது. ஸ்டெல்லா சுண்டெலியில் எட்டு வடிவமாகச் சுற்றி, கூட்டத்துக்குக் கையசைத்து, முன்சக்கரத்தைத் தூக்கினார். பாதித் திடலைக் கடக்கும்போது எஞ்சின் அணைந்தது. சக்கரம் விழுந்தது. டில்லி ஓடிப்போய், எல்லா மெக்கானிக்குகளும் செய்வதுபோல, டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. மூடினான். உதைத்தான். சுண்டெலி ஒன்றும் நடக்காததுபோல் கீச்சிட்டது. ஸ்டெல்லா மறுபடி தூக்கினார். இம்முறை திடலின் கடைசிவரை போனார். கைதட்டல் இரட்டிப்பானது.

அடுத்து மணலி புதுநகரில் ஆலைத் தொழிலாளர் குடும்ப விழா. அங்கும் அப்படியே. முதல் முறை நின்றது, இரண்டாம் முறை ஓடியது. சற்குணம் என்னைத் தனியே அழைத்தார்.

“சார், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. வண்டில கோளாறுன்னா ரெண்டாவது தடவையும் நிக்கணும்லா? மொத தடவ நிக்குது, ரெண்டாவது தடவ ஓடுதுன்னா அதுக்குப் பேரு பயம். கூட்டத்தப் பாத்ததும் இந்தப் புள்ள பின் பிரேக்க மிதிச்சுருது. பயம் தெளிஞ்சதும் நல்லா ஓட்டுது.”

தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்பதுதான் வேதனை. ஐட்லிங்கை நாங்களே தூக்கி வைத்திருந்ததால் ஆக்சிலேட்டரை விட்டு எஞ்சினை அணைக்க முடியாது. ஆனால் வலது காலால் பின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் நிற்கும், எஞ்சினும் திணறி அணையும். நான் காங்கிரீட் தரையில் குனிந்து டயர் தேய்ந்த கோடு இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதைச் சொன்னேன்.

“லேசா மிதிச்சா கோடு விழாது சார்” என்றார்.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன். “காலு பிரேக் கிட்டயே போவல சார். ஐஸ் வண்டில பிரேக்கே கெடையாது. எனுக்கு அந்தப் பழக்கமே இல்ல” என்றார். பிரேக் இல்லாத மொபெட்டில் துறைமுகச் சாலையில் போனதாகச் சொல்லும் சாட்சியை எந்த நீதிமன்றம் நம்பும்?

பணிமனைக்குத் திரும்பியதும் சுண்டெலியை ஊஞ்சலில் ஏற்றினோம். ஊஞ்சல் என்பது நான் வகுத்த சோதனை முறை. கூரையின் இரும்பு உத்தரத்திலிருந்து செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு வண்டியின் முன்பக்கத்தை வீலிங்குக்கு உரிய கோணத்தில் தூக்கிக் கட்டுவோம். பின்சக்கரம் இரண்டு இரும்பு உருளைகளின்மேல் சுழலும். உருளைகளை ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருப்பதால் எஞ்சினுக்குச் சுமையும் உண்டு. வண்டி இருந்த இடத்திலேயே வீலிங் செய்துகொண்டிருக்கும். நாம் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கவனிக்கலாம். என் இன்னொரு விதி, அழுக்கு வண்டியை எவரும் தொட்டுப் பிரிக்கக் கூடாது என்பது. எனவே டில்லி ஊஞ்சலில் ஏற்றுமுன் சுண்டெலியைத் தலையிலிருந்து வால்வரை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தான். ஊஞ்சலில் அது நிற்கவே இல்லை. நாங்கள்தான் களைத்துப்போய் நிறுத்தினோம்.

பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சாய்ந்தால் குழாய்க்கு எட்டவில்லையோ என்று ஐயுற்று, அடுத்த நிகழ்ச்சிக்கு டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னேன். பெரம்பூரில் ஒரு விளையாட்டுத் திடல். முன்பெல்லாம் பாதித் திடல்வரையாவது போகும் வண்டி, இம்முறை தூக்கியவுடனேயே அணைந்தது. சக்கரம் விழுந்த வேகத்தில் ஸ்டெல்லாவின் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. நிரப்பியும் இன்னும் சீக்கிரமாக நிற்கிறது! எனக்கு அது புரியவில்லை. சற்குணத்துக்கு நன்றாகப் புரிந்தது.

“பயம் முத்திப் போச்சு. பெரிய நிகழ்ச்சிக்கு வெளிய இருந்து ஆள் கூட்டியாந்துருவோம். ஸ்டெல்லா துண்டுப் பிரசுரம் குடுக்கட்டும். நெரந்தரத்தப் பத்தி அப்புறமா யோசிப்போம்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஸ்டெல்லா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், “சார், வேல போனா ஐஸு கீது. அது பிரச்சன இல்ல. ஆனா எங்க ஏரியால போயி ‘பயந்துட்டா’ன்னு சொன்னாங்கன்னா, அதுக்கப்புறம் ஐஸ் பொட்டிய கூட எவனும் எங்கையில குடுக்க மாட்டான்” என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. ஓர் ஆண் ஓட்டும்போது வண்டி நின்றால் வண்டியைத் திட்டுகிறோம். ஒரு பெண் ஓட்டும்போது நின்றால் அவர் முகத்தைப் பார்க்கிறோம். அன்று நானும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். பெரிய நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருந்தது. சற்குணத்திடம் அந்த வாரத்தைக் கேட்டு வாங்கினேன்.

பணிமனையில் நிற்காத வண்டி திடலில் நிற்கிறதென்றால், திடலில் இருந்து பணிமனையில் இல்லாதது ஏதோ ஒன்று உண்டு. அதை ஒவ்வொன்றாக ஊஞ்சலுக்குக் கொண்டுவருவதென்று முடிவு செய்தேன். முதலில் ஸ்டெல்லா. கையில் கட்டோடு ஏறி உட்கார்ந்தார். வண்டி ஓடியது. அடுத்து பயணம். சுண்டெலியைக் குட்டி யானையில் ஏற்றி எண்ணூர்வரை குலுக்கிக்கொண்டு போய்த் திரும்பினோம். ஓடியது. வெயிலில் காயவிட்டோம். ஓடியது. கூட்டம்தான் பாக்கி என்று டில்லி முடிவு கட்டி, பக்கத்துக் கிடங்கின் சுமைதூக்குவோரை அழைத்துவந்து ஊஞ்சலைச் சுற்றி நிறுத்திக் கைதட்டி விசிலடிக்கச் செய்தான். அதுவே தங்கள் தொழில் என்பதுபோல் அடித்தார்கள். ஸ்டெல்லா ஊஞ்சலில் இருந்தபடியே கையசைத்தார். சுண்டெலி உற்சாகமாகக் கீச்சிட்டது.

“எல்லாம் கீது சார், பூஜ ஒண்ணுதான் இல்ல” என்றான் டில்லி, சிரித்துக்கொண்டே.

“அதையும் செய்.”

அவன் சிரிப்பு நின்றது. “சார், இன்னா சார் இது? சாமி கும்புட்டா வண்டி நிக்குமா? நீங்க பாட்டுக்கு எதையாச்சும் எழுதி வச்சிட்டுப் பூடுவீங்க, பாவம் எனுக்கு வரும்.”

“சோதனை என்றால் நடந்ததை அப்படியே நடத்திப் பார்ப்பது. பாவம் வந்தால் என் கணக்கில் சேரட்டும்.”

சற்குணம் செய்வதுபோலவே செய்தான். டேங்க்கை நிரப்பினான். ஊதுபத்தி காட்டினான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. இத்தனை ஆண்டுகள் தேநீர்க் கடையிலேயே நின்றுவிட்டதால், பொட்டு எங்கே வைக்கப்படுகிறது என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கொழகொழவென்று சந்தனத்தைக் குழைத்து, டேங்க் மூடியின் நட்ட நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அப்பினான்.

“எப்போதும் அங்கேதானா?”

“பின்ன? அதுதான் சார் வண்டிக்கு நெத்தி.”

மற்ற வண்டிகளின் மூடியில் பூட்டும் அதன்மேல் ஒரு மடிப்புத் தகடும் உண்டு. பொட்டு அந்தத் தகட்டின்மேல் இருக்கும். சுண்டெலியின் பழைய மூடியோ வெறும் வட்டம். நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. டேங்க்கில் பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டிய ஒரே வழி அது.

சந்தனம் காயும்வரை வெயிலில் நிறுத்திவிட்டு ஊஞ்சலில் ஏற்றினோம். ஸ்டெல்லா உட்கார்ந்தார். சுண்டெலி கீச்சிட்டது, இருமியது, அணைந்தது. டில்லி வழக்கம்போல மூடியைத் திறக்கக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ‘பெட்ரோல் இருக்கிறதா’ என்று பார்க்க மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் அவன் நோயைக் குணப்படுத்திவிட்டான். காய்ந்த பொட்டும் அப்போதே உடைந்து உதிர்ந்தது. இரண்டாம் முறை ஓடியதன் ரகசியம் அதுதான். கழுத்துவரை நிரப்பியபோது சீக்கிரம் நின்றதும் இப்போது விளங்கியது. உள்ளே காற்றுக்கு இடம் குறைந்திருந்ததால், கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதுமே உறிஞ்சும் விசை பிறந்து, மேலும் இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த தடயத்தை என் துப்புரவு விதி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தேன். பொட்டின் மையம் உள்ளே உறிஞ்சப்பட்டு, தொப்புள்போல் சிறு குழி விழுந்திருந்தது. ஸ்டெல்லாவின் தலைமுடி ஊசியை வாங்கிக் குத்தினேன். ‘உஸ்ஸ்’ என்று ஒரு நீண்ட பெருமூச்சு. டில்லி உதைத்தான். எஞ்சின் உயிர்பெற்றது.

நாங்கள் மூவரும் முக்காலிகளில் உட்கார்ந்து ஆலோசித்தோம். டில்லியின் யோசனை எளிமையானது. “மூடிய மாத்திடலாம் சார். பூட்டு வெச்ச மூடி. அவுரு பாட்டுக்குப் பொட்டு வெச்சிகினு போட்டும். வண்டியும் ஓடும், சாமியும் கோச்சுக்காது, சற்குணம் சாரும் கோச்சுக்க மாட்டாரு.”

எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒரு பக்தரின் முகத்துக்கு நேரே, உங்கள் ஆசீர்வாதம்தான் வண்டியின் மூச்சை அடைத்தது என்று சொல்வதில் யாருக்கு என்ன லாபம் என்று எடைபோட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா எடைபோடவில்லை.

“மூடிய மாத்துனா வண்டி ஓடும். ஓடுனா இன்னா சொல்லுவாரு? ‘இப்பத்தான் பயம் தெளிஞ்சிச்சு’ம்பாரு. அப்ப நான் கடேசி வரிக்கும் பயந்தவதானா?”

வண்டியைச் சரிசெய்வது பாதி வேலை. காரணத்தைச் சொல்வதுதான் மறுபாதி. அதைச் சொல்லாவிட்டால் பழி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் சற்குணத்திடம் வெறும் வாயால் சொல்லிப் பயனில்லை என்பதையும் அறிந்திருந்தேன். இலேசாக மிதித்தால் கோடு விழாது என்று சொல்லக்கூடியவர் அவர்.

மறுநாள் காலை அவரிடம் போய், “சார், பயத்தை எப்படி அடக்குவது என்று ஸ்டெல்லாவுக்கு நீங்களே ஊஞ்சலில் உட்கார்ந்து செய்து காட்டினால் நல்லது. முறைப்படி பூஜை போட்டே தொடங்கலாம்” என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஊஞ்சலில் முன்சக்கரம் கட்டப்பட்டிருக்கும், எஞ்சின் நின்றாலும் எவருக்கும் அடிபடாது என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்திருந்தேன். மனசாட்சியின் அனுமதி பெறாமல் நான் குறும்பு செய்வதில்லை.

சற்குணம் மகிழ்ந்துபோனார். தம் கையாலேயே பொட்டு வைத்தார், வழக்கத்தைவிடப் பெரிதாக. அது காய்வதற்குள் தமது பந்தய நாட்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். குழு முழுவதும் கூடியிருந்தது. டில்லி முக்காலியைப் பிடித்துக்கொள்ள, அவர் சுண்டெலியின்மேல் ஏறினார். பின்பக்க அதிர்வுத்தாங்கிகள் முனகின.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. கை ஒரே சீரா முறுக்கணும். கால் பிரேக் பக்கமே போகக்கூடாது.” வலது காலைப் பக்கவாட்டில் நேராக நீட்டிக் காட்டினார். “இந்தா, எங்க இருக்கு பாருங்க கால்? இப்பிடி இருந்தா எஞ்சின் எப்பிடி நிக்கும்? நிக்கவே நிக்கா…”

சுண்டெலி இருமியது. அணைந்தது.

நீட்டிய கால் நீட்டியபடியே இருந்தது.

“சார்,” என்றார் ஸ்டெல்லா, மிகுந்த மரியாதையோடு, “கூட்டத்தப் பாத்து பயந்துட்டீங்களா சார்?”

டில்லி சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. சற்குணம் கிக்கரை உதைத்தார். இன்னொரு முறை உதைத்தார். “ஏய், மூடியத் தொறந்து பெட்ரோல் இருக்கான்னு பாரு” என்றார்.

“திறக்கவேண்டாம் சார். கொஞ்சம் குனிந்து பாருங்கள்” என்றேன்.

பார்த்தார். பொட்டின் நடுவில் குழி விழுந்திருந்தது. நான் ஊசியை நீட்டினேன். அவரே குத்தினார். பெருமூச்சு அவர் முகத்தில் பட்டது. அவர் கண்ணாடியில் சந்தனத் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டது. உதைத்ததும் எஞ்சின் ஓடியது. நெடுநேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அன்று முழுவதும் வெளியே வரவில்லை. நான் எடை போட்டதில் பிசகிவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் காலை அணிவகுப்பில் அவர் வழக்கமான குரலில் பேசினார்.

“ஒரு விசயம். வண்டிக்கு நெத்தி எதுன்னு இங்க யாருக்கும் தெரியல. ஹெட்லைட்டுதான் கண்ணு, அதுக்கு மேல இருக்கதுதான் நெத்தி. டேங்க்குங்கது வயிறு. வயித்துல யாராவது பொட்டு வைப்பாங்களா? இனிமே ஹெட்லைட்டுக்கு மேலதான் வைக்கணும்.”

இத்தனை காலம் வயிற்றில் பொட்டு வைத்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. டில்லி மட்டும், “கரெக்ட் சார், எவனோ தெரியாத்தனமா வெச்சிருக்கான்” என்றான்.

சற்குணம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அதற்கப்புறம் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. “வண்டி நின்னதுக்கும் ஸ்டெல்லாவுக்கும் சம்பந்தம் இல்ல. பிரேக்க மிதிக்கல. பயப்படல. நான் எங்கெல்லாம் வேற மாதிரி சொன்னேனோ, அங்கெல்லாம் நானே போய் இதச் சொல்லிருதேன். பெரிய நிகழ்ச்சில சுண்டெலிய அந்தப் புள்ளதான் ஓட்டும்.”

தவற்றை ஒப்புக்கொண்டு அவர் வாயிலிருந்து வந்த முதல் ‘நான்’ அது என்று பிறகு குழுவில் பேசிக்கொண்டார்கள்.

“அது போதும் சார்” என்றார் ஸ்டெல்லா.

பெரிய நிகழ்ச்சியில் அவர் மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டு ஓட்டினார். முதல் முறையே திடலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முன்சக்கரம் கீழே இறங்கவில்லை. அறிவுரைக்கு அன்றும் கைதட்டல் விழவில்லை. அடுத்த மாதம் ஸ்டெல்லா நிரந்தரம் ஆனார். இப்போது புதிய ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான்.

இளம் பொறியாளர்களுக்கு நான் எழுத வேண்டிய பராமரிப்புக் குறிப்பு சுருக்கமானது: எண்ணெய், மிதவை, ஐட்லிங், மூடித் துளை. மற்றது எங்கள் நடைமுறையில் ஏற்பட்ட மாற்றம். அந்த வாரத்துக்குப் பிறகு, எங்கள் குழுவில் வண்டி நின்றால் முதலில் வண்டியைத்தான் சோதிக்கிறோம். அது எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையிலேயே, கழுவாமல், எதையும் திறக்காமல். அந்தச் சோதனை முடியும்வரை ஓட்டியவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.